துப்பாக்கிச் சங்கத்துக்குப் பின்னால் யார்?

பண்டாரவளைப் பக்கத்து மலைத் தோட்டங்களில் நீங்கள் தவறாமல் சந்திக்கக்கூடிய ஜீவராசிகள் மூன்று: காட்டுப்பன்றி, குரங்கு, ‘பின்னால யாரு’ ஆசாமி. முதல் இரண்டும் பயிரைத் தின்னும். மூன்றாவது அந்தப் பாவத்தைச் செய்வதில்லை. முதல் இரண்டும் தின்று முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பதோடு சரி.

பன்றியையும் குரங்கையும் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வருகிறது. மூன்றாவதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இனத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த ஆசாமியைத் தேடி நீங்கள் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆட்டோ நிற்கிற இடத்தில், சலூன் பெஞ்சில், பதுளை பஸ்ஸின் கடைசி சீட்டில், மரண வீட்டுப் பந்தலில், எங்கே நாலு பேர் கூடினாலும் அதில் ஒருவர் அவராக இருப்பார். ஊரில் ஏதோ ஒன்று நடந்திருக்கும். மற்ற மூன்று பேரும் “நல்லதுதானே” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பை வெளியே விடுவார். தலை லேசாக ஒரு பக்கம் சாயும். ஒரு கண் பாதி மூடும். “நீங்க மேலோட்டமா பாக்குறீங்க” என்பார். அப்புறம், குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் போலீஸ் நிற்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்பார்.

“அதெல்லாம் சரி. இதுக்குப் பின்னால யாரு?”

இரத்த தான முகாம் நடந்தால், எடுத்த இரத்தம் எங்கே போகிறது என்று யாராவது விசாரித்தீர்களா? டவுனில் அடைத்துக் கிடந்த சாக்கடைக் கானைத் துப்புரவாக்கினால், இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன்? நாடு முழுக்கக் குரங்குகளை எண்ணச் சொன்னார்களே, அன்று எல்லோரும் அண்ணாந்து கூரையையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எண்ணுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே நடக்காத வாரத்திலும் அவருக்கு வேலை இருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லையே, ஏன்? தடுப்பது யார்?

அவரிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. “இது எடுபடுமா?” முதல் கேள்விக்குப் பதில் தெரியாது, இரண்டாவதற்குப் பதில் தயாராக இருக்கும். எடுபடாது. இந்த இரண்டு கேள்விகளின் அருமையை நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நோக்கம் கெட்டதென்றால் அதில் சேரக்கூடாது. நோக்கம் நல்லதென்றால் அது எடுபடப் போவதில்லை, எனவே சேர்ந்து பிரயோசனம் இல்லை. தப்பித் தவறி எடுபட்டுவிட்டால், “பாத்தீங்களா, பின்னால பெரிய கை இருக்கு” என்று மறுபடியும் முதல் கேள்விக்கே வந்துவிடலாம். இரண்டே கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஆயுசு முழுக்கக் கையைத் தூக்காமல் காலம் தள்ள முடியும் என்றால் அது சாமானியமான கண்டுபிடிப்பா?

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஆளைக் காட்டிவிடுகிறேன்.

ஜெயரூபன், பண்டாரவளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். வீடு, டவுனிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம். அவர் பிறந்ததும் அதே லயம், அதே ஒற்றை அறைக் காம்பரா. மனைவி சுதர்ஷினி கொழுந்து எடுக்கப் போகிறவர். ஒரே மகள் ஜெயந்தினி, பதுளையில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள். லயத்தில் இதுவரை யாரும் விஞ்ஞானம் படித்ததில்லை. தினமும் பதுளைக்குப் போய்வருவது பெரும்பாடு என்பதால் அங்கே ஒரு போர்டிங்கில் சேர்த்துவிடுவது என்று சுதர்ஷினி முடிவு செய்திருந்தார். அதற்கு அவர் நம்பியிருந்தது லயத்துக்குப் பின்னால், ஓடைப் பக்கச் சரிவில், அவரே கொத்திப் பாத்தி கட்டிப் போட்டிருந்த உருளைக்கிழங்கை.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, நாள் முழுக்க எடுத்த கொழுந்தை நிறுத்து, வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு கிழங்குப் பாத்திக்குப் போய்விடுவார். மண் அணைப்பது அவர். மருந்து அடிப்பது அவர். ஒவ்வொரு செடியையும் பார்த்து நலம் விசாரிப்பதும் அவர்தான். இன்னும் கொஞ்ச நாளில் தோண்டலாம் என்ற பருவம். அந்தப் பருவத்துக் கிழங்கின் வாசனை நமக்குத் தெரியாது. பன்றிக்குத் தெரியும்.

லயத்து ஆட்கள் பன்றிக்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்று தகரம். இருட்டத் தொடங்கும் நேரத்தில், வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து, பாத்திகளின் ஓரத்தில் நின்று பழைய எண்ணெய்த் தகரத்தை அடிப்பது. பன்றி ஓடைக்கு இறங்குகிற நேரம் அது. சத்தம் கேட்டால் வேறு பக்கம் போய்விடும். மற்றது சேலை. பாத்தியைச் சுற்றிக் கம்பு நட்டு, பழைய சேலைகளை இழுத்துக் கட்டிவிடுவது. பன்றிக்குச் சேலையைக் கண்டால் சுவர் என்று நினைப்பு. அந்த நினைப்பைக் கெடுத்துக்கொள்ள அது விரும்புவதில்லை.

சுதர்ஷினி சேலை சேர்த்துவிட்டார். லயம் லயமாகப் போய், கிழிந்தது, சாயம் போனது, கோயில் திருவிழாவில் நெருப்புப் பட்டது எல்லாம் வாங்கி மூட்டை கட்டிவிட்டார். அது போதவில்லை என்று, ஜெயரூபன் ஆட்டோ எடுத்த புதிதில் வாங்கிக் கொடுத்த சிவப்புச் சேலையையும் அதில் வைத்துவிட்டார். கணவனிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“என்னங்க, கம்பு மட்டும் கொண்டாந்துருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

கம்பு தயாராக இருந்தது. டவுனில் விதையும் உரமும் விற்கிற ஜுனைதீன் நானா, ஜெயரூபன் சொன்னபடி சவுக்குக் கம்புகளை ஒரே அளவில் வெட்டுவித்து, கட்டாகக் கட்டி, கடை வாசலில் போட்டிருந்தார். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கட்டு சரியாக நாலு பேர் வசதியாக உட்காரக்கூடிய நீளத்திலும் உயரத்திலும் இருந்தது. அதில்தான் வினை.

ஏனென்றால் அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குள் சங்கம் வந்தது. ‘ஊவா விவசாயிகள் துப்பாக்கி உரிமைச் சங்கம்’ என்று பெயர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் நம் வயிற்றில் அடிக்கின்றன, விவசாயிக்குத் துப்பாக்கி லைசன் கொடுப்பதை இலேசாக்கு, மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு மனுக் கொடுப்போம், அமைச்சரைச் சந்திப்போம், அணி திரள்வோம். சந்தை நாளன்று மூன்று முறை ஊரைச் சுற்றியது.

ஜெயரூபனின் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து ஜுனைதீன் நானாவின் கடை வாசல் ஒரு பாராளுமன்றமாகிவிட்டது. ஆளுங்கட்சி அழகர். அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருப்பவர், ஜெயரூபனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், போஞ்சிக்காய் போட்டுப் பன்றிக்குக் கொடுத்தவர். அதனால் துப்பாக்கிக் கட்சி. ஜெயரூபன் எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் உட்கார்ந்திருந்தது அதே சவுக்குக் கம்புக் கட்டின் மேல்.

“என் போஞ்சியத் தின்னுட்டுப் போயிருச்சு. எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். அவ்வளவுதான். இதுல என்னா மச்சான் பின்னால, முன்னால?” என்றார் அழகர்.

“நீ மேலோட்டமா பாக்குற. துப்பாக்கி இருந்தா போதுமா? தோட்டா வாங்கணும். தோட்டா விக்கிறவன் யாரு? ஒலிபெருக்கிக்கு ஆட்டோ புடிச்சுக் குடுத்தவன் யாரு?”

“எவனா இருந்தா என்னா? பன்னி சாகும்ல.”

“செத்த பன்னி எங்க போகும்? அதச் சொல்லு. எறைச்சி எந்த ஹோட்டலுக்குப் போகும்? நாலு பேரு கெழங்குக்காக அழுவாங்க, நாப்பது பேரு எறைச்சிக்காகச் சங்கத்துல சேருவாங்க. அமெரிக்காவப் பாரு!”

அமெரிக்காவைப் பார்க்கச் சொல்லிவிட்டால் அழகர் என்ன செய்வார் பாவம். ஜெயரூபன் ஆட்டோவில் ஹயர் போக ஆள் இல்லாத நேரமெல்லாம் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துப்பாக்கிக்காரர் சங்கங்கள் எப்படித் தொடங்கின, யார் சந்தா கட்டுகிறார்கள், யார் விளம்பரம் கொடுக்கிறார்கள், தேர்தல் வந்தால் யாரை ஏற்றி யாரை இறக்குகிறார்கள் என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். சொந்தப் பாத்தியில் எத்தனை வரிசை கிழங்கு இருக்கிறது என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

“அங்க சேர்ந்திருக்கிறவன் வேட்டைக்காரன், சந்தா கட்டுறவன் விவசாயி, நடத்துறவன் துப்பாக்கிக் கம்பெனிக்காரன்னு ஒரு பக்கம் சொல்றான். இன்னொரு பக்கம், இல்ல, சனங்க மனசார நம்பித்தான் சேருறாங்க, அதான் அந்த பலம்னு சொல்றான்.”

“நீ எந்தப் பக்கம்?”

“நான் ரெண்டு பக்கத்துக்கும் பின்னால யாருன்னு பாக்குறேன்.”

“சரி, அவங்க கேட்டது அவங்களுக்குக் கெடைச்சுதா, இல்லையா?”

“கெடைச்சுது! அதான் சந்தேகம்!”

“அப்ப நம்ம சங்கமும் கேட்டா கெடைக்கும்ல?”

“நம்ம சங்கமா? கிராம சேவகர்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு. எடுபடாது மச்சான், எடுபடாது.”

அமெரிக்கச் சங்கம் எடுபட்டதால் கெட்டது, ஊவாச் சங்கம் எடுபடாததால் கெட்டது. அழகருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அவரும் விடவில்லை. அடுத்த நாள் புதிய ஆதாரங்களோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் ஜெயரூபன். டவுனில் பாதிப் பேர் ‘துப்பாக்கி வேணும்’, பாதிப் பேர் ‘பின்னால யாரு’ என்று பிரிந்துவிட்டார்கள். லயத்தில் ஒரே தண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கிற இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டன.

ஜுனைதீன் நானா மட்டும் கடையை மூடும்போது தினமும் ஒரே வசனம் பேசினார்.

“தம்பிமார், எழும்புங்க. கம்பு வளஞ்சி போற. ஜெயரூபன் தம்பி, இத ஏன் இன்னும் கொண்டு போகாம ஈக்கீங்க?”

“நாளைக்கு நானா. இன்னைக்கு லேட்டாயிருச்சு.”

வீட்டிலும் அதே வசனம். சுதர்ஷினி சேலை மூட்டையைத் திண்டுபோலச் சுவரோரம் வைத்திருந்தார். கம்பு எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஜெயரூபனுக்கு ஒரு சந்தேகம் வரும். “ஆமா, இந்தச் சேலை வேலி எடுபடுமா?” என்பார். சுதர்ஷினி வாசலுக்குப் போய்விடுவார். தகர முறைக்குப் போகிறவர்களைப் பார்த்து, “எங்க பாத்திப் பக்கம் ரெண்டு அடி சேத்து அடிங்க” என்று மட்டும் சொல்லி வைப்பார்.

சங்கம் பொதுக்கூட்டம் போட்டது. பண்டாரவளையில் ஒரு மண்டபம், பின்னேரம். கேள்வி கேட்க நேரம் தருவார்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜெயரூபனுக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை. கேள்வியைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். தலைச்சாய்வு, கண், சிரிப்பு எல்லாம் சரியாக வந்தது. “எல்லாரும் வந்துருங்க. இன்னைக்குக் கிழிச்சுக் காட்டுறேன்” என்று லயத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் சொல்லி, இரண்டு ட்ரிப்பில் தன் ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போனார். கிழிபடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அன்றைக்குத்தான் சுதர்ஷினியும் ஜெயந்தினியும் போர்டிங் பார்க்கப் பதுளைக்குப் போயிருந்தார்கள். காலையில் பஸ் ஏறும்போது சுதர்ஷினி சொன்னார்:

“இன்னைக்குத் தகரம் நம்ம முறை. நாங்க வர்றதுக்கு இருட்டிரும். மறந்துறாதீங்க.”

“மறப்பேனா? ஒரு கேள்வி கேட்டுட்டு அப்படியே வந்துருவேன்.”

மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் சிங்களத்தில் பேசினார். இன்னொருவர் பேசினார். ஒரு விவசாயி எழுந்து, தன் மரவள்ளியைப் பன்றி தோண்டிய கதையைச் சொல்லி மேடையிலேயே அழுதார். அவர் அழுவதைப் பார்த்தால் பின்னால் யாரும் இருப்பதுபோலத் தெரியவில்லை. ஜெயரூபன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெயில் எதிர்மலையில் ஏறிக்கொண்டிருந்தது. தகரம் ஞாபகம் வந்தது. இப்போதே எழுந்து போகலாம்தான். ஆனால் கிழிப்பதாகச் சொல்லிக் கூட்டி வந்த அத்தனை பேரும் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. ஒரே ஒரு கேள்வி.

கேள்வி நேரத்தில் முதல் கை அவருடையது. செயலாளர் முன்ஸிப், பதுளைக்காரர், வயதில் மூத்தவர், தமிழில் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு.

“இந்தச் சங்கத்துக்குப் பின்னால யாரு?” என்றார் ஜெயரூபன். ஒத்திகையைவிட நன்றாக வந்திருந்தது.

முன்ஸிப் திரும்பி, தன் பின்னால் இருந்த திரைச்சீலையை ஒரு தடவை பார்த்தார்.

“யாராச்சும் பின்னுக்கு ஈந்தா காட்டித் தாங்க தம்பி. ஹோல் வாடகைய அவருட்ட கேக்கலாம்.”

சிரிப்பு. அழகர்தான் அதிகமாகச் சிரித்தார். ஜெயரூபன் உட்காரவில்லை.

“சரி, மனுக் குடுத்தா எடுபடுமா?”

“அது இப்ப செல்ல ஏலா. கேட்டுப் பாப்பம். நல்லது, நீங்களும் பயிர் செய்ற ஆள்தானே? சங்கத்துல சேருங்க. ஒங்கட பேர்ல காணி ஈக்கா?”

“இருக்கு. லயத்துக்குப் பின்னால...”

“அது தோட்டத்துக் காணியெலவா?”

“ஆமாங்க. தோட்டத்துத் தொரை பயிர் போட்டுக்கச் சொன்னாரு.”

“எழுத்துல?”

“வாயால.”

முன்ஸிப்பின் முகத்தில் கேலி போய்விட்டது. அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது போலிருந்தது.

“அப்ப ஒங்களுக்கு லைசன் தர மாட்டாங்க தம்பி. காணி உறுதிப் பத்திரம் கேப்பாங்க. லயத்துல ஈக்கிற யாருக்கும் கெடைக்காது. எங்கட சங்கம் வென்டாலும் தோத்தாலும் ஒங்களுக்கு ஒன்டுதான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனாலும் வந்தது சந்தோஷம்” என்றார்.

அழகரின் சிரிப்பு நின்றுவிட்டது. லயத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் எந்தத் துப்பாக்கிக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து, தண்ணீர்க் குழாயில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்களோ, அந்தத் துப்பாக்கியை அவர்களில் ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. நிற்கிற மண் அவர்களுடையது இல்லை என்ற ஒரே காரணத்தால். இது அவர்களுக்குத் தெரியாததா? தேர்தலுக்குத் தேர்தல் ‘காணி உரிமை’ என்று மேடையில் கேட்டுக் கைதட்டியவர்கள்தானே? சின்ன வயதிலிருந்து தெரியும். தெரிந்த விஷயத்துக்குப் பின்னால் யார் என்று கேட்கலாம் என்பதுதான் தோன்றவில்லை. அமெரிக்கா வரைக்கும் போய்த் தேடியவருக்குத் தன் அப்பா பிறந்த, தாத்தா செத்த காம்பரா இன்றைக்கும் ஏன் இன்னொருவன் பெயரில் இருக்கிறது என்று ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஜெயரூபனுக்கு அவமானமாக இருந்தது. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் உடுப்பில்லாமல் நிற்பதுபோல இருந்தது. இந்த இனத்தின் வீரியத்தைப் பாருங்கள்: அந்த அவமானத்துக்கு நடுவிலும் அவர் மூளையின் ஒரு மூலை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ‘இத்தனை பேர் இருக்க, என்னைப் பாத்துக் காணியக் கேக்கச் சொல்லி இவனுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?’ அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது அவருக்கே தன் மேல் சிரிப்பு வந்தது. மூக்கு வழியாக வரவில்லை.

ஜன்னலைப் பார்த்தார். எதிர்மலையில் வெயில் இல்லை.

ஜெயரூபன் ஆட்டோவை எடுத்தார். ஜுனைதீன் நானாவின் கடை வாசலில் நிறுத்தி, கம்புக் கட்டைத் தூக்கினார். அழகர் மறுமுனையைப் பிடித்தார். இத்தனை நாள் அத்தனை பேர் உட்கார்ந்ததில் கம்புகள் நடுவில் நன்றாகவே வளைந்திருந்தன. இரண்டு பக்கமும் கம்பு நீட்டிக்கொண்டிருக்க ஆட்டோ மலை ஏறியது. லயத்தை நெருங்கும்போது காது கொடுத்துப் பார்த்தார். யாராவது ஒரு பெண்ணாவது முறை பார்க்காமல் தகரத்தை எடுத்து அடித்திருக்கக் கூடாதா? சத்தமே இல்லை. அவருடைய முறையில் அவர் இருப்பார் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

பதுளை பஸ் வந்து போயிருந்தது. சுதர்ஷினி, பயணம் போன சேலையோடு, செருப்பைக் கழற்றாமல், பாத்தியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஜெயந்தினி போன் வெளிச்சத்தைப் பிடித்திருந்தாள். ஓடைப் பக்கம் பாதிப் பாத்தி உழுது போட்டதுபோலக் கிடந்தது. செடிகள் வேரோடு புரண்டு, கடித்துத் துப்பிய கிழங்குகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. மேல் பாதி மிஞ்சியிருந்தது. தாயும் மகளும் வந்த சத்தம் கேட்டுத்தான் பன்றிகள் ஓடியிருக்க வேண்டும்.

ஜெயரூபன் ஒரு கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சுதர்ஷினி திட்டவில்லை. கம்பை வாங்கி, வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு கணவன் முகத்தைப் பார்த்தார்.

“ஏங்க, இந்தப் பன்னிக்குப் பின்னால யாருங்க?”

நம்பமாட்டீர்கள், ஜெயரூபனின் வாய் திறந்தது. பதில் இருந்தது! காட்டை வெட்டியது யார், சிறுத்தை ஏன் குறைந்தது, ஓடைக்கு மேலே கட்டடம் கட்டுகிறவன் யாருடைய ஆள் என்று நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக நின்றது. மகளின் முகம் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவை என்று அழகர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

“பரவால்லம்மா” என்றாள் ஜெயந்தினி. “இந்தத் தவணை போர்டிங் வேணாம். விடியக்காலம் பஸ்ஸுல போயிட்டு வாறேன்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜெயரூபன் மண்ணில் குந்தி, பாதி கடித்த கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினார், அது எதற்கும் உதவாது என்று தெரிந்தும்.

விடிந்ததும் அவர் ஹயருக்குப் போகவில்லை. மிஞ்சிய பாதியைச் சுற்றிக் குழி தோண்டிக் கம்பு நட்டார். வளைந்த கம்பு என்பதால் வேலி கொஞ்சம் குடித்த மாதிரி நின்றது. சுதர்ஷினி சேலைகளை எடுத்துக் கொடுத்தார். சிவப்புச் சேலை முறை வந்தபோது ஜெயரூபன் அதைத் தயங்கிப் பிடித்தார். “கட்டுங்க” என்றார் சுதர்ஷினி. கட்டினார். அழகர் வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

“மச்சான், இது எடுபடுமா?”

“கம்பப் புடி” என்றார் ஜெயரூபன்.

வேலி எடுபட்டது. மிஞ்சிய பாதியைத் தோண்டி எடுத்தார்கள். ஜெயந்தினி இருட்டில் எழுந்து பதுளைக்குப் பஸ் ஏறுகிறாள். தினமும் ரோட்டு வரைக்கும் அவளை ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறவர் வழியில் வாயே திறப்பதில்லை. துப்பாக்கிச் சங்கம் மனுக் கொடுத்தது. அதற்குப் பின்னால் யாராவது இருந்தார்களா? இருந்திருக்கலாம். அழுத அந்த மரவள்ளிக்காரரும் இருந்தார். இரண்டும் ஒரே மண்டபத்தில் இருக்கக்கூடும் என்பது நம் ஆசாமிகளின் கணக்கில் வருவதில்லை.

இத்தோடு ஜெயரூபன் திருந்திவிட்டார் என்று முடித்தால் இது கதையாகிவிடும். ஒருநாள் அவர் மறுபடி ஜுனைதீன் நானாவின் கடை வாசலுக்கு வந்தார். கம்புக் கட்டு இல்லாததால் பாராளுமன்றம் உர மூட்டைகளுக்கு இடம் மாறியிருந்தது. அவர் தலையைச் சாய்க்கவில்லை, கண்ணை மூடவில்லை. நேராக உட்கார்ந்து கேட்டார்.

“நம்ம இருக்கிற மண்ணுக்கு நம்ம பேர்ல ஏன் உறுதி இல்ல? இதுக்குப் பின்னால யாரு?”

முதல் தடவையாக அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார். பிறகு, ஒரு மூட்டையின் மேலிருந்து, மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. அழகர்தான்.

“விடு மச்சான். அதெல்லாம் கேட்டா எடுபடுமா?”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீங்கள் தலையாட்டவில்லை, இல்லையா? நீங்கள் அந்த ரகம் இல்லை. நீங்கள் இதைக் கடைசிவரை வாசித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இத எழுதினவனுக்குத் துப்பாக்கிக்காரங்க மேல என்ன கோபம்? எழுதச் சொன்னது யாரு? இப்படி எழுதினா ஏதாவது மாறுமா?” என்று லேசாக, மிக லேசாக மட்டும் யோசித்தீர்கள். தப்பே இல்லை. இதை எழுதினவனும் எழுதி என்ன ஆகப் போகிறது என்று பல நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டுத்தான் பேனாவைத் தேடினான்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் கொஞ்ச நாளாக ஏதோ ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது எங்கே கிடக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். மெதுவாக எழுந்து, எதன் மேல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று திரும்பிப் பாருங்கள்.